வேறொரு சேலம்

காண்ட்ராக்டர் கேட்டது சேலத்துக் கிராமம்.
சென்னையில் எவனோ கம்ப்யூட்டரில் தேடி
அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்க, அந்தப் படத்தை
அனுப்பிவிட்டான்.
அட்வான்ஸ் கைமாறி, ப்ளைவுட்டும் அறுத்தாயிற்று.
பிறகென்ன,
போஸ் மைதானத்து ஆடிப் பொருட்காட்சியில்
டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே
முந்நூறு வருஷத்துப் பழைய வெள்ளைக்காரக் கிராமம்,
தலைக்கு நாற்பது ரூபாய்.

எனக்கு அறுநூறு. ஒரு வேளைச் சோறு.
கறுப்பு அங்கி, காதை மூடும் வெள்ளைத் தொப்பி.
வெண்ணெய் வராத மத்தைக்
குத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
வாயைத் திறக்கக் கூடாது, தமிழ் வந்துவிடுமாம்.
மூக்குத்தியின் திருகு இறுகிக் கழலவில்லை.
லூர்துசாமி அதன் மேல் மாவு அப்பிவிட்டார்.

கூரையெல்லாம் தெர்மகோல் பனி.
ஐந்து மணிக்குச் சேர்வராயன் பக்கமிருந்து மழை வரும்.
பனி கரையாது;
மிதந்து அப்பளக் கடை வாசலுக்குப் போகும்.

கூட்டமெல்லாம் அந்தத் தண்டனைக் கட்டையிடம்தான்.
கழுத்துக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு.
தலையை விட்டு, நாக்கைத் துருத்திப்
படம் எடுத்துக்கொள்வார்கள் புதுமணத் தம்பதிகள்,
காலேஜ் பையன்கள்,
ஒருமுறை ஒரு ட்ராஃபிக் போலீஸ்காரர்.

பக்கத்தில் பலகை:
'இவ்வூரில் பத்தொன்பது பேரைச்
சூனியக்காரர் என்று தூக்கிலிட்டார்கள்.'
பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்,
"நெசமாவே வெச்சாங்களா?"
மத்தைக் குத்தினேன்.
"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"
குத்தினேன்.

எப்படித் தெரியும்?
மாடு செத்தால் தெரியும்.
தண்ணி லாரியில் புருஷன் அடிபட்ட மறுவாரம்
கொழுந்தன் என் தலையணையைக் கிழித்து
முடி தேடினான்.
பஞ்சுதான் இருந்தது.
இருந்தும் தெரிந்துவிட்டது அவர்களுக்கு.
நான் தாதகாப்பட்டிக்கு வந்து ஒன்பது வருஷம்.

"தொப்பிக்காரம்மாவுக்குக் காது கேக்காதுடி"
என்று தோழிகள் இழுத்துப் போகையில்
"வெக்கல கண்ணு" என்றேன்.
சத்தமாகவே வந்துவிட்டது.
அன்று நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார் லூர்துசாமி.

கடைசி நாள் ஊரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.
ஈரோட்டில் இதே பலகை ஈஃபிள் கோபுரமாகுமாம்.
கட்டையை மட்டும் ஏற்ற இடமில்லை.
வாசல் டீக்கடைக்காரர் முந்நூறுக்கு எடுத்துக்கொண்டார்.
படுக்கவைத்து,
நடு ஓட்டையில் பால் சட்டி,
கை ஓட்டை இரண்டிலும் டம்ளர்.
கச்சிதமாக நிற்கிறதாம்.

அந்தப் பக்கமே போகக்கூடாது என்றிருந்தேன்.
நேற்று குடித்தேன்.
சர்க்கரை தூக்கல்.