பதினோரு நாள் விடுப்பு

விசா இல்லை என்று தாள் வந்தபோது
விடுப்பு ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது.
நாங்கள் திரும்பி வருவோம் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லையாம்.
விடுப்பை ரத்துசெய்யப் போனால்
மேலதிகாரி காரணம் கேட்பார்,
மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

தெருவிலும் சொல்லியாயிற்று,
இஸ்திரி வண்டிக்காரர் வரைக்கும்.
ஆகவே சொன்ன தேதியில் விடியுமுன்
பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினோம்
நானும் தவமணியும்.
விளக்குமாற்றோடு நின்ற எதிர்வீட்டு நாகஜோதி
கையசைத்தாள். நாங்களும் அசைத்தோம்.

டவுன்ஹால் ரோட்டு டிராவல்ஸ் தந்த பயணத்திட்டம்
மடிப்பில் கிழிந்து என் கைப்பையில்:
நான்காம் நாள், திராட்சைத் தோட்டங்கள்.
ஆறாம் நாள், மலைமேல் பழைய ஊர்.
ஒன்பதாம் நாள், கடலோரக் கிராமம்.
படித்துக்கொண்டே வந்த தவமணி
கண்டக்டரிடம் நோட்டை நீட்டினார்,
"கம்பம் ரெண்டு."

பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்கடியில்
குனிந்தே நடந்தோம்.
மருந்தடித்த இலைகளில் நீலம் படிந்திருந்தது.
அங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்றார்.
எனக்கென்ன தெரியும்,
இருக்கும் என்றேன்.

லாட்ஜ் பதிவேட்டில்
'செல்லும் இடம்' என்ற கட்டத்தில்
ரோ வரை எழுதிவிட்டு அடித்தார்.

சிறுமலைக்குப் பதினெட்டு வளைவு.
நான்காவதிலேயே வாந்தியெடுத்தேன்.
இதற்கெல்லாம் சேர்த்துத்தான்
காப்பீடு கட்டியிருந்தோம்.
மேலே, வாழைத்தார் சுமந்த குதிரை ஒன்று
எங்கள் பெட்டியைச் சுற்றிச்சுற்றி முகர்ந்தது.
சுங்கச் சோதனை முடிந்தது என்றார்.
வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தேன்.

கடல்தான் சிக்கல்.
கையிருப்பும் கரைந்திருந்தது.
மேலூரில் டீ குடிக்கும்போது
பக்கத்துப் பெஞ்சுக்காரர் சொன்னார்,
"ஆந்தைக்கரட்டுக்குப் போங்க,
தண்ணி கடலாட்டம் கெடக்கு."

போனோம்.
கரடு இல்லை.
இருந்த இடத்தில்
கத்தியால் அல்வா வெட்டிய மாதிரி
நேர்நேராகப் பள்ளம்.
அடியில் பச்சையா நீலமா
சொல்லமுடியாத தண்ணீர்.
தவமணி திட்டத்தாளைப் பிரித்து
அச்சடித்த கடலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.
அதே நிறம்.

குவாரி மூடி வருஷங்களாயிற்று,
காவலுக்குச் சேவுகன் மட்டும் இருந்தார்.
மலை எங்கே என்றேன்.
பீடியைக் காலில் அணைத்தார்.
"இத்தாலிக்குல்ல போச்சு.
லாரில தூத்துக்குடி, அங்கருந்து கப்பலு.
ஒவ்வொரு கல்லுலயும்
நம்பரும் ஊர்ப்பேரும் எழுதித்தான் ஏத்துனது.
எழுதுனதே நாந்தேன்."

தவமணி என்னைப் பார்க்கவில்லை,
நானும் அவரைப் பார்க்கவில்லை.

அதனிடம் ஆறு மாத வங்கிக் கணக்கு
கேட்டிருக்கமாட்டார்கள்.
திரும்பி வருவாயா என்று
ஒரு வார்த்தை
கேட்டிருக்கமாட்டார்கள்.

ஓரமாக ஒரு கல் கிடந்தது,
எங்கள் சமையலறை அளவுக்கு.
மேலே சிவப்பில் பெருக்கல் குறி.
"விரிசல்னு கழிச்சுட்டாங்கெ,
உக்காருங்க, சூடு எறங்கிருச்சு."

அதன்மேல் உட்கார்ந்து
புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.
சேவுகனுக்கும் ஒரு கை.
பெட்டியில் ஏஜென்சி ஒட்டிய சீட்டை
எழுத்துக்கூட்டிப் படித்தவர்
முகம் மலர்ந்தார்.
"போறீங்களா? போனா
தரையைக் குனிஞ்சு பாருங்க.
கறுப்புல வெள்ளைப் பொடி தூவுனாப்ல இருந்தா
நம்ம கரடு."

"பாக்குறோம்ணே" என்றார் தவமணி.

தார்ச்சாலை வரை
பெட்டியைத் தூக்கித்தான் நடக்கவேண்டியிருந்தது,
சரளையில் சக்கரம் ஓடவில்லை.
ஒன்பதாம் நாள்.
இன்னும் இரண்டு பாக்கி.