தையல் எந்தப் பக்கம்

மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில்
முதல் வரி பெர்சி எழுதியது:
மியூசியம். நாலு பேர். தலைக்கு எவ்வளவு?
எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.
எதிர்வீட்டு மங்களமேரி போயிருக்கிறாள்,
ஐந்தாவது படிக்கும்போது.
"பாட்டிலுக்குள்ள பாம்பு இருந்திச்சு,
வேன்ல வாந்தி எடுத்தேன்" என்பதோடு
அவள் ஞாபகம் முடிந்துபோகிறது.

ஞாயிறு என்றால் ஆராதனை முடியப் பதினொன்று,
பாஸ்டர் நீட்டினால் பன்னிரண்டு.
இரண்டாம் சனி திறந்திருக்குமா என்று
போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
வெள்ளி லீவு என்கிறான் எட்வின்.
யார் சொன்னது என்றால்
யாரோ என்கிறான்.
ஏழு வயது. டைனோசர் இல்லையென்றால் வரமாட்டானாம்.

பஸ்ஸா ரயிலா என்று ஒரு சண்டை.
ரயில் சல்லிசு, ஆனால் காட்பாடியில் தள்ளிவிடும்.
அங்கிருந்து டவுன் பஸ், நின்றுகொண்டே
பாலாற்றுப் பாலம் முழுக்க மணலைப் பார்க்க வேண்டும்.
பஸ் என்றால் பள்ளிகொண்டா தாண்டியதும்
எட்வினுக்கு மூத்திரம் வரும்.
புளிச்சோறு என் கணக்கு,
பிரியாணிப் பொட்டலம் பிள்ளைகள் கணக்கு.
ஆம்பூரில் இருந்துகொண்டு
வேலூர் போய்ப் புளிச்சோறு தின்பதா என்று
பெர்சி கேட்டதில் நியாயம் இருந்தது.

ஞானசீலன் மட்டும் சீட்டைத் தொடவில்லை.
தோல் ஷாப்பில் நைட் முடித்து வந்து
சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு
"செத்த மாட்டத்தான் நாள்பூரா பாக்குறேன்,
செத்த கரடிய வேற காசு குடுத்துப் பாக்கணுமா,
நீங்க போய்ட்டு வாங்க" என்றான்.

நாலை அடித்து மூன்று போட்டாள் பெர்சி.
பேனா அழுந்தியதில்
முன்பக்கத்துத் துவரம்பருப்பு வரை கோடு தெரிந்தது.

கண்ணை மூடிப் படுத்தவன்
கொஞ்சம் பொறுத்து, மூடியபடியே கேட்டான்:
"கரடிக்கு முடி இருக்குமா?"
"கரடின்னா முடி இல்லாமலாப்பா?"
"அதில்ல. சுண்ணாம்புல போட்டா முடி வந்துடும்,
நாங்க போடறதே அதுக்குத்தான்.
முடியும் நிக்கணும், தோலும் அழுவக் கூடாது,
அப்ப இன்னாத்துல ஊற வெச்சிருப்பான்?
படிகாரமா?"
எழுந்து உட்கார்ந்துவிட்டான்.
உப்பில் எத்தனை நாள்,
காது மடலுக்குள் எதைக் கொண்டு சுரண்டினான்,
மூக்கு நுனி சுருங்காமல் எப்படி?

எனக்கும் ஒன்று இருந்தது, சொல்லாமல் வைத்திருந்தேன்.
பதிமூன்று வருஷமாக ஷூவுக்கு அப்பர் தைக்கிறேன்.
அங்குலத்துக்குப் பத்துத் தையல்,
ஒன்று குறைந்தால் பீஸ் என் முகத்துக்கே திரும்பி வரும்.
ஜெர்மனிக்காரி காலில் தையல் தெரியலாம், அது டிசைன்.
கரடிக்குத் தெரியக் கூடாதே.
வயிற்றில் போட்டிருப்பார்களா,
பின்னங்காலின் உள்பக்கமா?
முடியை ஒதுக்கி ஊசி குத்தி
மறுபடி சீவி விட்டிருப்பார்களா?
தைத்தது யாரோ,
அவருக்கு பீஸ் ரேட்டா மாசச் சம்பளமா?

"கண்ணாடிக்குள்ள இருக்கும். குனிஞ்சாதான் தெரியும்" என்றேன்.
"குனியலாம்" என்றான்.

மூன்றை அடித்து மறுபடி நாலு.
கீழே புதிதாக ஒரு தலைப்பு, கேள்விகள்:
முடி. தையல்.
எட்வின் அழுததால் டைனோசர்.

சனிக்கிழமை சாயங்காலம்
குளியலறையில் அரைமணி நேரம் தண்ணீர்ச் சத்தம்.
எலுமிச்சை, சீயக்காய், மறுபடியும் சோப்பு.
வெளியே வந்து
உள்ளங்கையை என் மூக்கருகில் நீட்டினான்.
"ஏசி ரூமா இருக்குமோ?
கதவு மூடியிருந்தா வாசம் நிக்கும்."
முகர்ந்து பார்த்தேன்.
இருந்தது.
"கரடிகிட்டயும் இருக்கும், வா" என்றேன்.

எட்வின் அதற்குள் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு
தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் தொங்கவிட்டு
வாசலில் நிற்கிறான்.
பஸ் நாளைக்குக் காலையில்தான் என்று
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.