இரண்டு சதுரம்

சோபா வரப்போகும் சுவரில்
நீல டேப் ஒட்டி இரண்டு சதுரம் அடித்துப் பார்த்து
பதினோரு நாள் ஆகிறது.
இடது பக்கம் 6091, வலது பக்கம் 6094.
அட்டையில் பெயர்களும் உண்டு.
எனக்கு எண்கள்தான் வாயில் நிற்கின்றன,
படுக்கை எண்களைப் போல.

இரண்டும் கரும்பச்சை.
"ஒரே கலர்தானே" என்றார் பெயிண்டர் மிஸ்டர் கோ.
"டார்க் அடிச்சா வீடு சின்னதாயிடும்,
அப்புறம் என்னைத் திட்டக் கூடாது லா."
யீஷூனில் மூவறை வீடு.
இதற்கு மேல் சின்னதாக அதற்கே இடமில்லை.

6091இல் எங்கோ அடியில் நீலம் தூங்குகிறது.
6094இல் மஞ்சள்;
வெந்தயக்கீரை கடாயில் வதங்கி
இறக்கலாமா என்று யோசிக்கிற நிமிடத்து நிறம்.

குணாளனுக்கு 6091.
அவன் வீடு சேர்வது இரவு எட்டுக்கு,
நான் பணிக்குக் கிளம்பும் நேரம்.
லிஃப்ட் வாசலில் சாப்பாட்டுப் பை கைமாறும்,
சில நாள் முத்தமும்.
அவன் பார்ப்பது டியூப் லைட்டில்.
நான் பார்ப்பது காலை எட்டரைக்கு,
எதிர் புளோக் உபயோகித்துவிட்டு
மிச்சம் அனுப்பும் வெயிலில்.
இந்தச் சுவரை நாங்கள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

சண்டை வாட்ஸ்அப்பில்.
படம் அனுப்புவான்: கடல் மாதிரி இருக்கு பாரு.
நானும் அனுப்புவேன்: எந்தக் கடல்?
படத்தில் இரண்டுமே கறுப்பு.
அவன் அக்கா இரண்டுக்கும் கட்டைவிரல் போட்டாள்.

நான் சொல்லாதது ஒன்று.
ஆப்பரேஷன் தியேட்டரில் போர்த்தும் பச்சைத் துணி
நனைந்தால் சிவப்பாவதில்லை.
அதே பச்சைதான், இன்னும் கொஞ்சம் ஆழமாக.
பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்லது என்பார்கள்.
என் கண்ணுக்கு அந்த ஆழம் தெரியும்.
எவ்வளவு ஆழமானால்
யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும்.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. நல்ல மழை.
ஷூவைக் கழற்றாமலே சுவர்முன் நின்றேன்.
பல் தேய்த்தபடி வந்து பக்கத்தில் நின்றான்.
மூட்டத்தில் எது எதுவென்று
எண்ணைப் பார்த்தால்தான் தெரிந்தது.
"இப்பச் சொல்லு, ஏன் இது வேணாம்?"
சொன்னேன்.
நிறத்தைப் பற்றி இல்லை, துணியைப் பற்றி.
நாலே வார்த்தை.

வாயில் நுரையோடு கொஞ்ச நேரம் நின்றான்.
போய்த் துப்பிவிட்டு வந்து
இடது சதுரத்தின் டேப்பை உரித்தான்.
பழைய வெள்ளையும் கொஞ்சம் சேர்ந்து உரிந்தது.

செவ்வாயன்று மிஸ்டர் கோ
6094 இரண்டு கோட் அடித்தார்.
வீடு சின்னதாகத்தான் ஆனது.
நாங்கள் திட்டவில்லை.

மிச்சமிருந்த 6091, அரை டப்பா.
குப்பைக்குக் கொண்டு போனவனை நிறுத்தி
காலணி அலமாரியின் உள்பக்கம் நானே அடித்தேன்,
என் வெள்ளை ஷூ இருக்கும் தட்டுக்குப் பின்னால்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், வீணாக்க வேண்டாமே என்றிருப்பேன்.
பச்சைப் பொய்.

இரவு எட்டுக்குத் திறக்கிறேன்.
வெளியே லிஃப்ட் ஏறி வரும் சத்தம்.
உள்ளே கறுப்பாகத்தான் தெரிகிறது.
ஷூவை எடுத்துக்கொண்டு
மூடுகிறேன்.