சான்றுப் பொருள் ஏழு

மேல்முறையீட்டுக் காரணங்களில் நான்காவதை
மூன்று முறை அடித்துவிட்டு எழுதினேன்.
அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போயிருந்தது.

ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில்
காப்பித் தோட்டத்து வீடு. இரவு ஒன்றரை.
வீச்சரிவாளோடு நாலு பேர்,
சில்வர் ஓக் மறைவில்
விளக்கணைத்த வண்டியில் ஒருவன்.
அவனையும் சேர்த்தால் ஐந்து,
ஐந்தென்றால் சட்டத்தில் கூட்டுக்கொள்ளை.
சேர்க்காதே என்றார் சீனியர்.

தனகோட்டி அந்த ஐவரில் இல்லை.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி உருக்குபவன்.
விடியுமுன் பட்டறைக் கதவைத் தட்டினார்கள்.
நிறுத்தான்: எண்ணூற்று நாற்பது கிராம்.
பாதி விலை சொன்னான்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.
"பேரம் பேசாதவன் விற்கும் பொருள்
எப்படிப்பட்டதென்று வியாபாரிக்குத் தெரியாதா?"
கீழமை நீதிமன்றத் தீர்ப்பு, பத்தி பதினொன்று.
எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

கொலுசு இரண்டு ஜோடி, அரைஞாண்,
பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு,
வெங்காரம் தூவி மூசையில் இட்டால்
எல்லாம் ஒரே தண்ணீர்.
உருகிய வெள்ளிக்கு அங்க அடையாளம் கிடையாது.
எங்கள் பக்கத்தில் வலுவான வாதம் இதுதான்.

ஆனால் இடுக்கி வைக்கும் டப்பாவின் அடியில்
பீடிக்கட்டுத் தாளில் சுற்றி
ஒரு செபமாலைச் சிலுவை.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பின்பக்கம் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து.
சான்றுப் பொருள் ஏழு.
அது ஒன்றே போதுமானதாக இருந்தது
ஏழு வருடத்துக்கு.

மத்திய சிறையில் வலைக்கு இப்பால் நின்று கேட்டேன்:
எல்லாத்தையும் உருக்கிட்டு
அதை மட்டும் ஏங்க வெச்சீங்க?
காதைச் சொறிந்தான்.
பக்கத்தில் யாரோ மகளிடம்
கணக்கில் எத்தனை மார்க் என்று கத்திக்கொண்டிருந்தார்.
"அதுல ஒரு ஆள் இருந்தாருங்க மேடம்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார்.
மனசு நல்ல மனசுதான்.
ஆனா திருட்டுப் பொருள்னு
தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும்.
எழுதாதே.

ஆகவே நான்காவது காரணம்:
மேற்படி சிலுவை காவல்துறையினரால்
மேல்முறையீட்டாளரின் பட்டறையில் வைக்கப்பட்டது.
அந்த விடியலில் அவன் செய்த
ஒரே நல்ல காரியத்தை
ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பேருக்கு எழுதிக் கொடுத்தேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

வாதம் பாதி நின்றது.
திருட்டென்று தெரிந்திருக்கிறது,
கூட்டுக்கொள்ளையென்று தெரிந்ததற்குச் சான்றில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு
நானூற்றுப் பதினொன்று ஆனது.
ஒன்று குறைய, ஐந்து வருடம் குறைந்தது.
தனகோட்டியின் மனைவி என்னைக் கும்பிட வந்தாள்.
செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பொருளைத் திரும்பப் பெற
பிலோமினா மலையிறங்கி வந்திருந்தாள்.
சேலத்து வெயிலுக்கு
ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள்.
எழுத்தர் அரக்கு முத்திரையை உடைத்து
மேசைமேல் வைத்தார், ஒரு சோப்புக்கட்டி அளவு வெள்ளி.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல சங்கு எந்தப் பக்கமுங்க?"
நான் எந்தப் பக்கத்து வக்கீல் என்று தெரியாமல்
என்னைத்தான் கேட்டாள்.

சிலுவையைப் பார்க்கக்கூட இல்லை,
தடவியே தெரிந்துகொண்டு
பர்ஸில் சில்லறையோடு போட்டாள்.

கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கியவள்
அதோடு போய்விட்டாள்.
ஏற்காடு பஸ் கிளம்ப நேரமிருந்தது.
நான் கேட்கவில்லை.