மஞ்சள் ஊசி

ஓசுன் மாநில ஆளுநர் தேர்தலுக்கு
இன்னும் பதினொரு நாள்.
இலேஷா சந்தையில் மிளகாய் அரைக்கிற
அபோசேடேயிடம் கணக்கெடுக்கப் போனேன்.

கட்சி அலுவலக வரைபடத்தில்
அவள் தெருவுக்கு மஞ்சள் ஊசி.
"ஐந்து கிலோ அரிசி, சாய்ந்துவிடும்"
என்றிருந்தார் வியூகக்காரர் ஃபோலாரின்.

அரிசி வந்திருந்தது.
எதிர்க்கட்சி அரிசியும்.
ஒரே பானையில் கொட்டிப் பொங்கிவிட்டாளாம்.
"கல்லு மட்டும் ரெண்டுலயும் ஒரே அளவு."

வேட்பாளர் முகம் அச்சிட்ட சாக்கு
ஒழுகும் கூரையில்
தலைகீழாய்.

"ஓட்டு யாருக்கு?"

எந்திரத்தை முடுக்கினாள்.
இரைச்சலுக்குள் உதடு அசைந்தது,
ஒரு பெயர்தான்,
சிரித்துக்கொண்டே.
மறுபடி கேட்கவிடாமல்
கண்ணில் மிளகாய்.

படிவத்தில் 'நம் பக்கம்' என்று எழுதினேன்.
ஃபோலாரின்
மஞ்சளைப் பிடுங்கிப்
பச்சையைக் குத்தினார்.