பெயர் தெரிந்தால் மட்டும்

இருநூற்றுப் பதினான்கு ப்ளக்-இன்
என்கிறது திரை.
பதினெட்டாம் தேதிக்குள் நூறாக வேண்டும்
என்கிறது மேலிடம்.
வெள்ளிக்கிழமை. காடுபீசனஹள்ளி. ஏழாவது மாடி.
கீழே ரிங் ரோட்டில்
நகரக் கற்றுக்கொள்ளாத சிவப்பு விளக்குகள்.

தேடல் பெட்டியில் மூன்றெழுத்து அடித்தால்
ஓடி வந்து நிற்கின்றன:
பில் அச்சிடுவது,
பில்லை நிராகரிப்பது,
நிராகரித்ததற்கு வருந்துவது.
யார் வாங்கியது, எந்தப் பதிப்பு,
கடைசியாகத் தொட்ட கை எது,
எல்லாம் சொல்லும்.
பெயர் தெரிந்தால் மட்டும்.

பெயரே தெரியாத ஒன்றைத் தேட
பெட்டியில் என்ன எழுதுவது?
ஒரு வெற்றிடம் தட்டி எண்டர் அடித்தேன்.
கிணற்றில் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுகிற கதைதான்:
நம் வாளி வராது,
எவர் வீட்டு வாளியாவது வரும்.

வந்தது.
டெம்ப் ஃபிக்ஸ் டூ.
விளக்கம்: காலி.
உரிமையாளர்: முடக்கப்பட்ட பயனர்.
நிறுவியது: ஏழு வருடம் முந்தைய ஒரு ஞாயிறு,
அதிகாலை இரண்டு பத்து.
ஃபிக்ஸ் ஒன் எங்கே என்று பார்த்தேன். இல்லை.
எதையும் சரிசெய்யாமல் போயிருக்கும் அது.

ஷராவதி தோளைக் குலுக்கினாள்.
நிதிப்பிரிவு ஜோஸெலின்
"காசு போகுதா?" என்றார்.
போகவில்லை.
"அப்ப எனக்குத் தெரியாது."

தினம் ஒரே ஒரு முறை
மாலை ஏழு நாற்பதுக்கு எழுந்து
எதையோ செய்துவிட்டு
திரும்பப் படுத்துக்கொள்ளும் ஒன்றுக்கு
இங்கே என்ன வேலை?
ஏழு மணிக்கு நிறுத்தினேன்.
இருநூற்றுப் பதிமூன்று.
டீ குடித்தேன்.

ஒன்பதரைக்கு வண்டி.
மாரத்தஹள்ளியில் ஒருவர்,
டின் ஃபேக்டரியில் இருவர்,
ஹென்னூரில் ஷராவதி.
நாகவாராவில் திப்பேசாமி இறங்கினான்.
மற்ற நாளெல்லாம்
தன் வீட்டைத் தாண்டி என்னோடு பாகலூர் கிராஸ் வரை வந்து
என்னை இறக்கியபின் அதே வழியில் திரும்புகிறவன்,
எந்த முட்டாள் போட்ட ரூட் இது என்று
ஹெப்பாளில் தொடங்கி முனகுகிறவன்,
இன்று கதவைச் சாத்தும்போது சிரித்தான்:
"சிஸ்டத்துக்குப் புத்தி வந்துருச்சு."

மேம்பாலத்தில் ஏறும்போது
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்,
"இவத்து நீவே லாஸ்ட், மேடம்."
அவரே உள்விளக்கையும் போட்டார்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
ஐந்து காலி இருக்கைகளின் பெல்ட் கொக்கிகள்
ஒவ்வொரு வேகத்தடைக்கும் பேசிக்கொண்டன.

ஏழு நாற்பது.
வண்டிப் பட்டியல் மூடுகிற நேரம் ஏழே முக்கால்.

மடியில் லேப்டாப். ஃபோனிலிருந்து இரண்டு கோடு சிக்னல்.
பெட்டியில் அடித்தேன், இப்போது பெயர் தெரியுமே.
பதினோரு வரிதான் மொத்தமும்.
கடைசி நிறுத்தத்தில் பெண் தனியாக இருந்தால்
வரிசையை மாற்று.
பக்கத்தில் குறிப்பில்லை, கையெழுத்தில்லை,
ஒரு புள்ளி இடம் தவறி நிற்கிறது,
அவசரத்தில் அடித்தது போல.

அந்த ஞாயிறு விடிவதற்கு முன்
சனி இரவில் என்ன நடந்தது?
யாருக்கு?
இந்தத் தேடலில் அதற்கு வடிகட்டி இல்லை.
ஊழியர் பட்டியலில்
முடக்கப்பட்ட பயனர் என்பது
நாலாயிரம் பேர்.

எலஹங்கா தாண்டியதும் சிக்னல் வந்தது.
இயக்கு.
இருநூற்றுப் பதினான்கு.
பதினெட்டாம் தேதியை
பதினெட்டாம் தேதி பார்த்துக்கொள்வேன்.
உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்.
விளக்கத்துக்கு எண்பது எழுத்துதான் இடம்.
யோசித்து, அழித்து, திரும்ப எழுதினேன்:

திப்பேசாமி முனகுவான். முனகட்டும்.

சேமி.