இதழகல்

லுட்கர் ப்ராமின் உதடுகளை
இருபத்தாறு வருடம் நான் பார்த்ததேயில்லை.
என் கண் எப்போதும் திரையில்,
வேறொருவன் வாயில்.

ரோஸ்டாக்கில் பதினோரு பருவம் மேடையேறியவர்.
கடிதம் கொண்டுவருபவன்,
இரண்டாம் காவலன்,
ஒரு மாதம் மட்டும் இளவரசன்
(நிஜ இளவரசனுக்குப் பொன்னுக்கு வீங்கி).
சுவர் விழுந்த குளிர்காலத்தில்
மேடையில் பத்தொன்பது பேர், அரங்கில் பதினாறு.
ஊர் மொத்தமும் மேற்கே போயிருந்தது,
கலர் டிவி வாங்க.

பிறகு அந்தப் பெட்டிக்குள் இவரும் போனார்:
ஞாயிறு இரவுத் துப்பறியும் தொடரில்
ஏழு தடவை பிணம்,
மூன்று தடவை கொலைகாரன்,
ஒரே ஒரு தடவை
எந்தக் குற்றமும் செய்யாத பல் டாக்டர்.
'அதில்தான் நடிப்பே வரவில்லை' என்பார்.

நான் உதட்டுக்குச் சொல் தைப்பவள்.
திரையில் வாய் மூடினால் எனக்கொரு 'ம' வேண்டும்,
திறந்தால் ஒரு 'ஆ'.
அர்த்தம் மூன்றாவதாக வந்து
இடம் இருந்தால் உட்காரும்.

பெர்லினில், ஜன்னலில்லாத ஒலிக்கூடத்தில்
அந்த அமெரிக்கனுக்கு லுட்கர்தான் ஜெர்மன்.
அவன் குதிரையில் போனால்
இவருக்கு நின்ற இடத்தில் மூச்சிரைக்கும்.
அவன் முத்தமிட்டால்
இவர் தன் புறங்கையை முத்தமிடுவார், கண்ணை மூடாமல்,
வசனத்தாள் தெரிய வேண்டுமே.
அவன் ஆப்பிள் கடித்த காட்சிக்கு
ஒன்பது ஆப்பிள்.
துண்டுக்கு நான்கு யூரோ.
முத்தத்துக்கும் சாவுக்கும் அதே கூலி.

ரொட்டிக்கடையில் 'கம்பு ரொட்டி, இரண்டு' என்றால்
வரிசையே திரும்பும்,
முகத்தைப் பார்க்கும்,
யாரோ என்று மறுபடி ரொட்டிக்குத் திரும்பும்.

ரோஸ்விதா விட்டுப் போன வருடம்
காருக்கு வழி சொல்லும் கருவிக்குக் குரல் கொடுத்திருந்தார்.
'இடப்பக்கம் திரும்பவும்.'
அவள் வலப்பக்கம் திரும்புவாளாம்.
'முடிந்தால் திரும்பி வரவும்.'
வண்டியை ஓரம்கட்டிச் சிரிப்பாளாம்.
'பதினெட்டு வருஷத்தில்
இதை மட்டும் மனுஷன் சொன்னதேயில்லை'
என்று என்னிடம் சொன்னபோது
அவள் சிரிக்கவில்லை.

அமெரிக்கனை அவர் நேரில் கண்டது ஒருமுறை,
கொலோனில், ஹோட்டல் லிஃப்டில்.
அவன் 'ஹலோ' என்றான்.
லுட்கர் தலையை மட்டும் அசைத்தார்.
வாயைத் திறந்தால்
அவனிடமிருந்து திருடியது தெரிந்துவிடும் போல இருந்ததாம்.
நான்கு மாடி.
இருவருமே ஷூவைப் பார்த்துக்கொண்டு.

மார்ச்சில் அவன் செத்தான்.
செய்திக்காரர்கள் இவருக்குப் போன் செய்தார்கள்,
துக்க வீட்டுக்குச் செய்வதுபோல.

கடைசிப் படம் மிச்சம் இருந்தது.
கடைசிக் காட்சியில் கட்டிலில் கிழவன்,
நான்கு விநாடி,
உதடு உதட்டைத் தொடவே இல்லை.
ராத்திரி முழுக்கத் தேடினேன்.
'போகிறேன்' என்றால் முதல் எழுத்திலேயே முட்டுகிறது.
மன்னிப்பு முட்டுகிறது.
அம்மா இரண்டு தரம் முட்டுகிறாள்.
விடிகாலையில் கிடைத்தது:
'நான் இங்கேதான்.'

எட்டு முறை சொன்னார். எட்டும் அவன் குரல்.
ஒன்பதாவதைச் சரி என்றார்கள்.
சிவப்பு விளக்கு அணைந்தது,
திரை இருண்டது,
இயக்குநர் காப்பிக்கு எழுந்தார்.
மைக்கை யாரும் மூடவில்லை.

பார்க்க வேறு வாய் இல்லாததால்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.
மெல்லிய உதடு, மேலே ஒரு பழைய தழும்பு.
'நான் இங்கேதான்' என்றார்,
கொஞ்சம் கீச்சென்று,
ரோஸ்டாக் வாடையோடு.
அந்தக் குரலை எனக்குத் தெரியாது.

கூலித்தாளில் ஒன்பது துண்டு என்று இருந்தது.
பத்து என்று திருத்தி
கையெழுத்துக்கு நீட்டினேன்.